கடதாசிக் கல்வெட்டு
(வானொலி இலக்கிய வரிசையில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இந்த வரிசையிலே பேசும்படி கேட்டவர்கள் எனக்குத் தந்த தலைப்பு 'கவிதையும் மரணமும்' என்பது. தலைப்பைக் கேட்டதும் சற்றே அச்சமாக இருந்தது. காஞ்சித் திணையிலிருந்து பட்டினத்தார் வரைக்கும், பட்டினத்தாரிலிருந்து இன்றைய புதுக்கவிதை வரைக்கும் பேச வேண்டுமென்றால் இந்த இருபது நிமிடம் எந்த மூலைக்குக் காணும்? ஆகையினாலே எனக்குக் கொஞ்சம் பழக்கமான ஒரு மூலையிலே இருந்து தொடங்குகிறேன். அந்த மூலை என்னுடைய வீட்டு அலுமாரி. காணி உறுதிகளுக்கும் சாதக ஓலைகளுக்கும் நடுவே, மங்கிப்போன மட்டையோடு சில மெல்லிய புத்தகங்கள் அங்கே கிடக்கின்றன. யாழ்ப்பாணத்திலே அவை இல்லாத பழைய வீடு அரிது. அவற்றைக் 'கல்வெட்டு' என்கிறோம்.

கல்லிலே வெட்டப்படாத கல்வெட்டு இது. வெளியூர் நேயர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். எங்கள் சைவக் குடும்பங்களிலே ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி நடக்கும். கிரியைகள் முடிந்து வந்தவர்கள் எல்லோரும் பந்தலுக்குள்ளே இருக்கும்போது, குரல் வளமுள்ள ஒருவர் அந்தச் சிறு புத்தகத்தைக் கையிலே எடுத்து இராகத்தோடு பாடுவார். அதிலே இறந்தவருடைய ஊர், குலம், பெற்றார், கல்வி, தொழில், மணவாழ்க்கை, பிள்ளைகள், நோய், இறுதி நாள் எல்லாம் வெண்பாவிலும் விருத்தத்திலும் வரும். பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று ஒவ்வொருவர் வாயிலாகவும் பாட்டுகள் வரும். உடலை எரித்துவிடுகிறோம், கல் நாட்டுவதில்லை. கத்தோலிக்க அன்பர்களுக்குச் சேமக்காலையிலே கல் உண்டு. எங்களுக்குக் கல்லுக்குப் பதிலாகக் கடதாசி. பெயர் மாத்திரம் கல்லின் பெயர்.

அச்சுவேலி என்னுடைய ஊர். கிரியை நூல்களை எழுதிப் பதிப்பித்த குமாரசுவாமிக் குருக்கள் வாழ்ந்த ஊர் அது. செம்மண் தோட்டமும், வெங்காயமும் புகையிலையும் அந்த ஊருக்கு இன்னொரு முகம். நான் அங்கே தமிழ் வாத்தியாராக இருந்தேன். யாப்புத் தெரிந்த வாத்தியார் என்றால் ஊரிலே ஒரு கூலியில்லாத உத்தியோகமும் சேர்ந்து வரும். செத்தவீடு நடந்து ஒரு கிழமைக்குள்ளே ஒருவர் சைக்கிளிலே வந்து படலையடியிலே நிற்பார். கையிலே ஒரு கொப்பித் தாளிலே பெயர்களும் முறைகளும் எழுதியிருக்கும். 'மாஸ்ரர், ஒரு கல்வெட்டு வேணும்' என்பார். 1974 முதல் இன்றுவரை நூற்றுக்கு மேலே எழுதியிருப்பேன்.

அவற்றிலே பெரும்பாலானவை மோசமான பாட்டுகள். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. கல்வெட்டிலே எல்லோரும் வள்ளல்கள். எல்லோரும் கல்விக் கடல்கள். எல்லோருடைய வாசலிலும் இரவலர் கூட்டம். நான் எழுதிய கல்வெட்டுகளை மாத்திரம் நம்பி ஒருவர் எங்கள் ஊர் வரலாற்றை எழுதினால், அங்கே வறுமை என்பதே இருந்ததில்லை, காணி வழக்கு ஒன்றாவது நடந்ததில்லை என்று முடிவு கட்டிவிடுவார். நீதிமன்றப் பதிவேடு வேறு கதை சொல்லும்! சரமகவி என்றாலே பண்டிதர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். 1879 இல் ஆறுமுக நாவலர் மறைந்தபோது பெரும் புலவர்கள் பாடிய சரமகவிகளை மதிப்பவர்களும், தோட்டக்காரர் ஒருவருக்குப் பாடியதை இலக்கியமாக எண்ணுவதில்லை. நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியவர் எழுத்தறிவு அதிகமில்லாத ஓர் ஆச்சி.

1979 ஆம் ஆண்டு. எங்கள் ஒழுங்கையிலே ஒரு தோட்டக்காரர் காலமானார். பங்குக் கிணற்றிலே மூன்றிலொரு பங்கு, ஐந்து பரப்புத் தோட்டம், நான்கு பிள்ளைகள், இவ்வளவுதான் அவருடைய உலகம். மூத்த மகன் கொழும்பிலே லிகிதர். அவர் தந்த குறிப்பின்படி நான் வழக்கம்போல எழுதிக்கொண்டு போய் வாசித்துக் காட்டினேன். வள்ளல் என்ற சொல் இரண்டாம் விருத்தத்திலே வந்தது. சுவரோடு சாய்ந்திருந்த ஆச்சி கையைக் காட்டி நிறுத்தினார்.

"வாத்தியார் தம்பி, உதை வெட்டும். அவர் வள்ளலும் இல்லை, பண்டிதரும் இல்லை. எங்கடை சனத்துக்கு அது தெரியும். வாசிக்கேக்கை சிரிப்பினம்."

"அப்ப என்னத்தை எழுதிறது, ஆச்சி?"

"முப்பத்தெட்டு வருசம் அந்தக் கிணத்திலை எங்களுக்குப் பங்கு. ஒரு நாளும் மற்றவையின்ரை முறைக்கு அவர் தண்ணி இறைச்சதில்லை. மழை பொய்ச்ச வருசத்திலை தன்ரை முறையைப் பக்கத்துக் காணிக்கு விட்டிட்டு வந்து திண்ணையிலை சும்மா இருந்தவர். நான் பேசினனான். ஒண்டும் பறையேல்லை. அதை எழுது."

மகனுக்கு அது பிடிக்கவில்லை. "தண்ணி முறையைப் போய்க் கல்வெட்டிலை எழுதிறதே, அம்மா?" என்றார். எனக்கும் அது எப்படிப் பாட்டாகும் என்று தெரியவில்லை. பங்குக் கிணறு இருக்கிற ஊரிலே பிறந்தவர்களுக்கு மட்டும் அந்தச் செய்தியின் பாரம் விளங்கும். தண்ணீர் முறைக்காக மண்வெட்டி தூக்கியவர்கள் உண்டு. அண்ணன் தம்பி மூன்று தலைமுறை பேசாமல் இருந்ததுண்டு. அங்கே ஒரு மனிதர் முப்பத்தெட்டு வருடம் ஒருவரோடும் பகையாமல் தண்ணீர் இறைத்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்து புறநானூற்றை எடுத்தேன். ஏன் அதை எடுத்தேன் என்று இப்போதும் எனக்குச் சொல்லத் தெரியாது. பிசிராந்தையாரின் பாட்டு, 191 ஆவது. வயது பல ஆகியும் உமக்கு ஏன் நரை இல்லை என்று கேட்கிறார்கள். அவர் விடை சொல்கிறார். என் மனைவி பண்பு நிறைந்தவள், மக்களும் அப்படியே. என்னிடம் வேலை செய்வோர் என் மனம் அறிந்து நடப்பர். அரசன் தீயது செய்யாமல் காக்கிறான். எல்லாவற்றுக்கும் மேலாக என் ஊரிலே அடக்கமுள்ள சான்றோர் பலர் வாழ்கிறார்கள். இவ்வளவுதான் அவர் சொல்லும் காரணம். பொன் வேண்டும், புகழ் வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. இதைப் பாடிய மனிதர் பிறகு என்ன செய்தார் என்பதும் நேயர்களுக்குத் தெரியும். வடக்கிருந்த கோப்பெருஞ்சோழனைத் தேடிப் போய்த் தாமும் உயிர் துறந்தார். வாழ்ந்தது போதும் என்ற நிறைவு உள்ளவர்தான் அப்படிப் போக முடியும் என்று முன்பெல்லாம் வகுப்பிலே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அன்றிரவு வேறொன்று தோன்றியது. அவர் கணக்கிலே கடைசியாக வருவது அயலார். ஊர் நன்றாக இருந்தால்தான் தலை நரைக்காது என்கிறார். அந்த ஊரின் ஓர் ஓரத்தைத் தன் பங்குக்கு நன்றாக வைத்திருந்தவர் எங்கள் தோட்டக்காரர்.

வள்ளலை வெட்டினேன். கிணற்றடியை எழுதினேன். எதுகை ஓரிடத்திலே கொஞ்சம் இடறியது, விட்டுவிட்டேன். முப்பத்தோராம் நாள் அந்தப் பாட்டு வந்தபோது பந்தலுக்குள்ளே ஒரு சத்தமும் இல்லை. பிறகு பின்வரிசையிலே இருந்து ஒருவர், அதே கிணற்றின் இன்னொரு பங்காளி, "உந்தப் பாட்டை இன்னொருக்கால் படியுங்கோ" என்றார். அவர் தம் சொந்தச் சகோதரரோடு அந்தக் கிணற்றுக்காக வழக்காடிக் கொண்டிருந்தவர். வழக்கை அவர் கைவிட்டாரா என்று கேட்காதீர்கள். கைவிடவில்லை. ஆனாலும் கேட்டார்.

ஆங்கிலக் கவிஞர் தோமஸ் கிறே ஒரு கிராமத்துச் சேமக்காலையை வைத்துப் பாடிய இரங்கற்பா 1751 இல் வெளிவந்தது. எங்கள் தகப்பன்மார் காலத்து ஆங்கிலப் பள்ளிகளிலே அதை மனப்பாடம் செய்வித்தார்கள். பெயர் பெறாத உழவர்களுடைய வாழ்வையும் ஒரு கவிஞன் நின்று நினைக்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள். எங்கள் பக்கத்திலே அளவெட்டியில் பிறந்த மகாகவி உருத்திரமூர்த்தி அதே இடத்துக்கு வேறு வழியாக வந்தவர். 1927 இல் பிறந்து 1971 இல், நாற்பத்து நான்கு வயதிலே மறைந்தவர். தம் காவியமொன்றுக்கு அவர் வைத்த பெயர் 'ஒரு சாதாரண மனிதனது சரித்திரம்'. அரசர்களுக்கும் அடியார்களுக்கும் இருந்த சரித்திரம் என்ற சொல்லைச் சாதாரண மனிதனுக்குக் கொடுத்தது சிறிய காரியமன்று. ஒருவன் சாகலாம், அவனுக்குப் பின்னே வாழ்வு சாவதில்லை என்ற நம்பிக்கை அந்தக் கவிஞரிடம் இருந்தது. சாவைப் பற்றிப் பேசும்போது அழுகையை விட வியப்பே அவருக்கு அதிகம் என்று எனக்குத் தோன்றும்.

எங்கள் செத்தவீட்டிலே நடக்கும் ஒன்றை இங்கே நினைக்கிறேன். கிரியையின்போது உரலிலே சுண்ணம் இடிக்கும் வேளையிலே திருப்பொற்சுண்ணம் பாடுகிறோம். மணிவாசகர் அதை எதற்காகப் பாடினார்? இறைவனை ஆட்டுவதற்காக மகளிர் கூடிப் பொன்வண்ணப் பொடி இடிக்கிறார்கள்; அவர்கள் ஒருவரை ஒருவர் அழைத்து மகிழ்ச்சியோடு பாடும் பாட்டு அது. அதிலே சாவுமில்லை, துக்கமுமில்லை. கலியாணப் பந்தலிலே பாடத்தக்க பாட்டைக் கொண்டுவந்து சாவுப் பந்தலிலே வைத்த முன்னோர் யாரோ! ஒரு வீட்டிலே சாப்பறையும் இன்னொரு வீட்டிலே மணமுழவும் ஒரே நேரத்திலே ஒலிக்கின்றன என்று கலங்கினார் பக்குடுக்கை நன்கணியார். அவை இரண்டையும் நாங்கள் ஒரே முற்றத்திலே சேர்த்துவிட்டோம். சின்ன வயதிலே நெய்ப்பந்தம் பிடித்துக்கொண்டு அம்மம்மாவின் தலைமாட்டிலே நின்றபோது அந்தத் தாளம் என் காலை ஆடச் செய்தது. ஆடக்கூடாது என்று பெரியம்மா தோளிலே கிள்ளினார். இப்போது நினைத்தால், பாட்டு தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது.

இனிச் சொல்லப்போவதைச் சொல்லாமல் விடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

ஊரிலே உள்ளவர்களுக்கெல்லாம் கல்வெட்டு எழுதிய என்னாலே, என் தகப்பனாருக்கு எழுத முடியவில்லை. 1995 ஒக்டோபர் நடுப்பகுதியிலே சண்டை எங்கள் பக்கம் நெருங்கியபோது அச்சுவேலியை விட்டு வெளிக்கிட்டோம். இரண்டு கிழமை உறவினர் வீட்டிலே இருந்தோம். ஒக்டோபர் 30 இல் வலிகாமமே எழும்பி நடந்தபோது, மழைக்குள்ளே, அந்தச் சனத்தோடு சனமாக நாவற்குழிப் பாலம் தாண்டித் தென்மராட்சிக்குப் போனோம். ஐயாவுக்கு அப்போது எழுபத்தாறு வயது. ஒரு பள்ளிக்கூட மண்டபத்திலே, பதினொரு குடும்பங்களுக்கு நடுவே படுத்தவர் பிறகு எழும்பவில்லை. சுண்ணம் இடிக்க உரல் கிடைக்கவில்லை. சிவபுராணம் மாத்திரம் அம்மா பாடினார். மண்டபத்திலே இருந்த, எங்களுக்கு முன்பின் தெரியாத சனமும் கூடப் பாடியது. முப்பத்தோராம் நாளுக்கு நாங்கள் வேறிடத்திலே இருந்தோம். அச்சடிக்கக் கடதாசி ஏது?

1996 இல் திரும்பி வந்தபோது வீட்டுக்கு ஓடு இல்லை. நான் எழுதிய கல்வெட்டுகள் எல்லாவற்றையும் ஐயா ஒரு தகரப் பெட்டியிலே சேர்த்து வைத்திருந்தார். பெட்டி இருந்தது. உள்ளே கறையான் புற்று. தோட்டக்காரருடைய கல்வெட்டும் அதற்குள்ளேதான் போயிற்று. (2005 இலே தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்திலே இப்போது நினைவு மலர்களையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். பேரன் கணினியிலே காட்டினான். நெடுநேரம் தேடினோம். என்னுடையது ஒன்றும் அகப்படவில்லை. முன்பின் தெரியாத பலருடைய வாழ்க்கையை வாசித்ததுதான் மிச்சம், அதுவும் நட்டமில்லை.)

அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். "ஊருக்கெல்லாம் பாடினனீ, கொப்பருக்கு ஒண்டும் இல்லையே?" எழுத உட்காருவேன். ஊர்ச் சிறப்பு வரும், குலச் சிறப்பு வரும். பாலத்தடிக்கு வந்ததும் நின்றுவிடும். அந்த இரவுக்கு என்னிடம் யாப்பு இல்லை. 1985 இலே வெளிவந்த 'மரணத்துள் வாழ்வோம்' என்ற தொகுப்பை, சேரன், யேசுராசா, பத்மநாப ஐயர், மயிலங்கூடலூர் நடராசன் ஆகியோர் தொகுத்ததை, அந்த நாள்களிலே திரும்பத் திரும்ப வாசித்தேன். முப்பத்தொரு கவிஞர்களுடைய கவிதைகள் அதிலே உண்டு. முப்பத்தொன்று என்ற எண் எங்கள் பக்கத்திலே எதை நினைவூட்டும் என்று சொல்ல வேண்டியதில்லை. அவர்களுடைய மொழி எனக்கு வசப்படவில்லை. நான் பழைய ஆள். ஆனால் ஒன்று புரிந்தது. எல்லாவற்றையும் பாட வேண்டியதில்லை. ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும்.

அந்த ஒன்று திதியாக இருந்தது. கல்வெட்டின் முதற்பாட்டு எப்போதும் திதி வெண்பா. வருடம், மாதம், பக்கம், திதி நான்கையும் நான்கடிக்குள்ளே அடக்கிவிடும். ஆண்டுத் திவசத்துக்கு நாள் தேடுகிறவர் அதைத்தான் பார்ப்பார். ஏன் அதை வசனத்திலே எழுதவில்லை? வசனத்திலே ஒரு சொல் மாறினாலும் ஒருவருக்கும் தெரியாது. வெண்பாவிலே சொல் மாறினால் தளை தட்டும், எதுகை அழும். எழுத்தறியாத கிழவிகூட 'எங்கையோ பிழைக்குது' என்று சொல்லிவிடுவாள். புத்தகம் கறையானுக்குப் போனாலும் பாட்டு வாயிலே இருக்கும். கவிதை மரணத்துக்குச் செய்யும் உதவிகளிலே எனக்கு மிகவும் நம்பிக்கையானது இதுதான். தத்துவமெல்லாம் பிறகு.

ஐயாவின் திதியை அந்தக் கலவரத்திலே ஒருவரும் குறிக்கவில்லை. கையிலே பஞ்சாங்கம் இல்லை. கிழமையிலேயே எங்களுக்குள் தகராறு. ஒரு நாள் அம்மா சொன்னார்: "பறுவம் கழிஞ்சு நாலாம் நாள். பறுவத்தண்டு பள்ளிக்கூட முற்றத்திலை நிலவு பால் மாதிரி. அவர் போன அண்டு நல்லா இருட்டினாப் பிறகுதான் பனைக்கு மேலை வந்தது." பழைய பஞ்சாங்கம் ஒன்றைத் தேடிப் பிடித்துப் பார்த்தேன். அந்த நவம்பர் 7 இல் பூரணை. யுவ வருடம், ஐப்பசி, அபரபக்கச் சதுர்த்தி. நான்கு அடியும் அரை மணித்தியாலத்திலே வந்துவிட்டன. அம்மாவிடம் சொல்லிக் காட்டினேன். அவர் மூன்று தரம் திருப்பிச் சொல்லிப் பாடமாக்கிக் கொண்டார். பிறகு அழுதார். எட்டு வருடத்துக்குப் பிறகு, உரிய நாளிலே அழுததுபோல அழுதார்.

அடுத்த வருடம் அம்மா போனார். அவருக்குக் கல்வெட்டு அச்சடித்தோம். முதற்பக்கத்திலே இரண்டு திதி வெண்பா. ஐயாவுடையது மேலே, அம்மாவுடையது கீழே. அச்சுக்கூடத்துத் தம்பி ஒரு கல்வெட்டுக்கு இரண்டு திதியா என்று கேட்டார். ஓம் என்றேன். பாலத்தைப் பற்றி அதிலே ஒரு சொல்லும் இல்லை. ஐயா முருங்கைக் கன்று நட்டதும், பெட்டியிலே என் பாட்டுகளைச் சேர்த்ததும் இருக்கின்றன. இன்னும் எழுதியிருக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். இருக்கலாம்.

இப்போது கல்வெட்டு கேட்டு வருகிறவர்கள் குறைவு. கனடாவிலிருந்தும் பாரிசிலிருந்தும் பிள்ளைகள் தொலைபேசியிலே படம் அனுப்புகிறார்கள். வண்ணத் தாளிலே தேவாரமும் குறளும் சேர்த்து நினைவு மலர் வருகிறது. பந்தலுக்குள்ளே எழுந்து பாடுகிறவர் இல்லை. நான் குறை சொல்லவில்லை. அழகாகத்தான் இருக்கிறது. என்ன, அதிலே இன்னும் எல்லோரும் வள்ளல்கள்!

எனக்கும் வயது எழுபதைத் தாண்டிவிட்டது. மற்றவர்கள் என்னை வள்ளலாக்கிவிடுவார்களோ என்ற பயத்திலே, போன மாரியிலே என்னுடைய கல்வெட்டை நானே எழுதத் தொடங்கினேன். ஊர், பெற்றார், பள்ளிக்கூடம் எல்லாம் வந்துவிட்டன. திதி வெண்பாவிலே சீர்களுக்கு இடம் விட்டுக் கோடு போட்டு வைத்தேன். ஆனால் நிறைவாக வாழ்ந்தார் என்று எழுதுவதா, விடுவதா என்று ஓரிடத்திலே மூன்று நாள் நின்றேன். தொடித்தலை விழுத்தண்டினார் என்ற முதியவர் தம் இளமையைப் பாடும்போது, குளத்திலே குதித்து அடியிலிருந்து மணல் அள்ளிக்கொண்டு வந்து காட்டியதைத்தான் சொன்னார். பெரிய காரியம் ஒன்றையும் சொல்லவில்லை. நானும் அப்படி எதையாவது சொல்லலாமா என்று யோசித்தபடி தாழ்வாரத்திலே இருந்தேன். மனைவி வந்து கொப்பியை எட்டிப் பார்த்தார். வாசித்து முடியும் வரைக்கும் ஒன்றும் பேசவில்லை.

பிறகு சொன்னார்: "இஞ்சேருங்கோ, உதை நாளைக்கும் எழுதலாம். மோட்டர் போட்டு அரை மணித்தியாலமாச்சு. வெங்காயப் பாத்திக்குத் தண்ணி மாறப் போறியளே, இல்லையே?"

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். கொப்பி இன்னும் அந்த இடத்திலேதான் நிற்கிறது.